கறுப்புத் தண்ணி

தேவனாம்பட்டினத்தில் அந்த வருஷங்களில் யாருக்கு என்ன நோவு வந்தாலும் காரணம் ஒன்றுதான். முட்டி பிடித்துக்கொண்டால் கறுப்புத் தண்ணி. தலை சுற்றினால் கறுப்புத் தண்ணி. பையன் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டாலும்கூட, சுனாமியன்று மூக்கிலும் வாயிலும் புகுந்த கறுப்புத் தண்ணி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். டாக்டர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, அப்படியெல்லாம் உடம்பில் எதுவும் தங்காது என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்கள். சனம் தலையை ஆட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டது. நம்புவதை மட்டும் விடவில்லை. கடலில் இருந்து வந்த தண்ணியைப் பற்றி டவுனில் இருந்து வந்தவனுக்கு என்ன தெரியும்?

ஆகவே மீன்காரி இருசம்மாளுக்கு நெஞ்சில் வலி வந்தபோது அவள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அலை அவளைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்பில் மரத்தோடு மரமாகச் சாத்தி வைத்திருந்தது. அன்றைக்கு அவள் குடித்த தண்ணியை ஊரில் வேறு யாரும் குடித்திருக்க மாட்டார்கள். அதில் ஒரு வாய் நெஞ்சுக்குழியில் தங்கிவிட்டது. வேகமாக நடந்தால் கலங்குகிறது, நின்றால் தெளிகிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

அந்த வலிக்கு ஒரு குணம் இருந்தது. காலையில் முதல் நடைக்கு வரும். மார்பின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்தது மாதிரி அழுத்தி, இடது தோளில் இறங்கும். நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அப்படி ஒருமுறை வந்து போய்விட்டால், அப்புறம் தலையில் முழுப் பாரத்தோடு கடலூர் டவுனில் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் என்று தெருத் தெருவாக அலைந்தாலும் எட்டிப் பார்க்காது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இருசம்மாள் அந்த வலியைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

விடிந்ததும் சுனாமிக் குடியிருப்பிலிருந்து வெறும் அன்னக்கூடையோடு கிளம்புவாள். கடற்கரை ஏலத்துக்குப் போகும் மணல் வழியில் வேண்டுமென்றே எட்டிப் போட்டு நடப்பாள். சவுக்கு மரங்கள் தொடங்கும் இடத்தில் அது வந்து உட்காரும். சும்மாட்டுத் துணியை அவிழ்த்துச் சுற்றுகிற பாவனையில் அங்கே நிற்பாள்.

"வந்துட்டியா? வா. வந்து ஒன் வேலைய முடிச்சிகினு போ. எனக்கு ஏலத்துக்கு நேரமாவுது" என்பாள்.

அது போனதும் நடையைக் கட்டுவாள். அவள் ஒரு நாளில் மனசு விட்டுப் பேசிய பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். மற்றபடி "சங்கரா மீனு நேத்து வலையிது இல்லம்மா, செவுளப் பாரு" என்கிற பேச்செல்லாம் வியாபாரம். அதில் பேசுகிறவள் யாரோ.

மற்ற மீன்காரிகள் செம்பியனின் லோடு ஆட்டோவில் கூடைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்து டவுனுக்குப் போனார்கள். டவுன் பஸ்ஸில் மீன் கூடையைக் கண்டாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவான். இருசம்மாள் மட்டும் நடந்தாள். கேட்டால், "நடந்தாத்தான் ஒடம்பு சொன்னபடி கேக்குது" என்பாள். உண்மை வேறே. வண்டியில் ஏறினால் பேச வேண்டும். ஒருத்தி புருஷன் குடித்துவிட்டு வந்ததைச் சொல்லுவாள், இன்னொருத்தி மகள் மாசமாக இருப்பதைச் சொல்லுவாள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, தன் பங்குக்கு ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். அவளிடம் எடுத்து வைக்க ஒன்றும் இல்லை.

புருஷன் சுப்புராயன் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன். இரண்டாம் நாள் உப்பங்கழி ஓரம் கிடைத்தான். ஊர் முழுக்கப் பிணமாகக் கிடந்த நேரத்தில் யார் யாருக்கு அழுவது? ஆனாலும் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். இருசம்மாள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சிதம்பரத்தில் நர்சு படிப்புக்காக ஹாஸ்டலில் இருந்த மகள் எழிலரசிக்கு யாரோ போனில் தகவல் சொல்லி, அவள் வந்து புழுதியில் புரண்டபோதும், இவள் மகளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்கே தன்மேல் ஆச்சரியம்தான். ஆனால் அழவில்லை. அப்புறம் அழ நேரமும் இல்லை.

எழிலரசி படித்து முடித்தாள். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பல்கலைக்கழக ஆபீசில் வேலை பார்க்கும் திருநாவுக்கரசைக் கட்டிக்கொண்டு அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம் போட்டாள். பெண் குழந்தை பிறந்தது. நாள் தவறாமல் சாயங்காலத்தில் அம்மாவுக்குப் போன் போடுவாள்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சி."

"ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"கெடக்கு. கொழந்த?"

"தூங்குது. நீ ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயேன்."

"வரேன், வரேன். சரி வெச்சிடு, காசு போவுது பாரு."

மகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவரை எதிர்பார்க்கத் தொடங்கினால் அவர் வராத நாளில் என்ன ஆகும் என்பது இருசம்மாளுக்குத் தெரியும். அதனால் எதிர்பார்ப்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். கறிச்சோறு வேண்டாம், தீபாவளிப் புடவை வேண்டாம், ஆடிக்கு யாரும் வர வேண்டாம். இருப்பதற்கு ஏற்ற மாதிரி இருந்துகொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை பாருங்கள். வலியைப் பற்றி வாயைத் திறந்தால் அந்த இருப்புக்கும் வேட்டு. மகள் நர்சு. கூடையைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவாள். சொந்தக் காலில் நடந்து சொந்தச் சோறு தின்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதற்காக அவள் எந்த வலியையும் மறைப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷ மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் பாதியில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டால், மே கடைசி வரைக்கும் கரை வெறிச்சோடிக் கிடக்கும். மற்ற வருஷங்களில் இருசம்மாள் அந்த நாட்களில் கருவாட்டுக் கூடையைச் சுமந்து நடப்பாள். அந்த வருஷம் எழிலரசி நேரிலேயே வந்து நின்றாள்.

"கருவாடு வித்தது போதும். படகு போற வரைக்கும் எங்கூட வந்து இரு. ஒக்காந்து சாப்புடு. நீ ஒக்காந்து நான் பாத்ததே இல்ல."

மகள் வாசலில் நின்று கேட்கும்போது என்ன சொல்வது? போனாள்.

குவார்ட்டர்ஸ் வீட்டில் குறையொன்றும் இல்லை. காற்றாடி உண்டு, டிவி உண்டு. மாப்பிள்ளை தங்கமான பையன். "அத்த, காபி குடிச்சீங்களா? அத்த, ஃபேன ஜாஸ்தியா வெக்கட்டுமா?" என்று சுற்றிச் சுற்றி வருவான். வந்த அன்றைக்கே இருசம்மாள் பேத்தியைத் தூக்கக் குனிந்தபோது எழிலரசி சமையற்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எம்மா, கை கழுவிட்டுத் தூக்கும்மா."

ஆஸ்பத்திரிப் பழக்கம். புருஷன் ஆபீசிலிருந்து வந்து குழந்தையைத் தொட்டாலும் அவள் அதைத்தான் சொல்லுவாள். ஆனால் இருசம்மாளுக்கு அது தெரியாதே. அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். அதற்கப்புறம் அங்கே இருந்த நாள் மட்டும் குழந்தையை அவளாகத் தூக்கவே இல்லை. அது தவழ்ந்து வந்து மடியைப் பிடித்தால், "போடி, ஒங்கம்மா கிட்ட போ" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துகொள்வாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவள் ஒன்றரை மாசமும் விருந்தாளியாகவே இருந்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நல்லது நடந்தது. வலி வரவில்லை. உட்கார்ந்தே இருந்தவளுக்கு எப்படி வரும்? அவள் அப்படி யோசிக்கவில்லை. சிதம்பரத்து நல்ல தண்ணியைக் குடித்துக் குடித்து, நெஞ்சிலிருந்த கறுப்புத் தண்ணி கழுவிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தாள். நடராசருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடும் போட்டாள்.

தடை முடிந்து படகு கரை சேர்ந்த முதல் நாள், கடற்கரை திருவிழாவாக இருந்தது. ஊருக்குத் திரும்பியிருந்த இருசம்மாளைப் பக்கத்து வீட்டு மாரியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் மீன்காரிதான்.

"இன்னிக்காவுது வண்டில ஏறு அண்ணி. ஏலம் முடிஞ்சிடப் போவுது. மக ஊட்டுச் சோறு தின்னு பளபளன்னு வந்திருக்க, நடந்து கறுத்துப் போவாத."

"சிரிக்காத சிறுக்கி" என்று சொல்லிக்கொண்டே ஏலத்துக்குப் போகச் செம்பியனின் வண்டியில் ஏறினாள். ஆகவே அன்றைக்கு முதல் நடை இல்லை. சவுக்கு மரத்தடியில் நிற்கவும் இல்லை. நோய்தான் போய்விட்டதே.

சங்கராவும் கிழங்காவுமாக ஏலம் எடுத்தாள். எப்போதும் எடுப்பதைவிட அதிகம். ஒன்றரை மாசம் மீனே காணாத டவுன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் என்ற ஆசை. ஐஸைக் கொட்டி இரண்டு பேராகத் தூக்கித் தலையில் ஏற்றினார்கள். வண்டி நிறைந்துவிட்டது. அவளும் நடப்பதையே விரும்பினாள்.

டவுனுக்குப் போகிற பாலத்து ஏற்றத்தில் அது வந்தது. எப்போதும் வருகிற வலி இல்லை. இது யாரையும் கேட்காமல் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. நின்றாள், போகவில்லை. "போ" என்றாள், கேட்கவில்லை. வேர்வை கண்ணை மறைத்தது. கூடையைக் கீழே போட்டால் மீனில் மண் ஒட்டும் என்று அந்த நேரத்திலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அதைச் சாய்த்து இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பின்னால் வந்த செம்பியன் வண்டியை அப்படியே நிறுத்தினான்.

"சித்தி! சித்தி, இன்னா பண்ணுது?"

"தண்ணிடா செம்பியா. உள்ள இருந்த தண்ணி."

மீன்களுக்கு நடுவில் அவளைப் படுக்க வைத்துக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். எழிலரசி வந்து ஆம்புலன்ஸில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனாள்.

அவளைப் பார்த்த டாக்டர் சத்யப்பிரியாவுக்கு வயது குறைவு, நிதானம் ஜாஸ்தி. குழாய் விட்டுப் படம் எடுத்துப் பார்த்தபின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நெஞ்சுவலி முதல்ல எப்பம்மா வந்திச்சி?"

இருசம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை. சவுக்கு மரத்தையும், சும்மாட்டையும், முதலில் ஒரு வலியை வாங்கிவிட்டால் அப்புறம் வராத கதையையும் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டாள். உடனே கோபமும் வந்தது.

"கெட்டிக்காரத்தனந்தான். ஆனா நெருப்போட வெளையாடியிருக்கீங்க. சின்னதா ஒரு வலி வந்து போனா இதயம் உஷாராயிடும். அடுத்தாப்புல ரத்தம் கொறஞ்சா கொஞ்ச நேரத்துக்குத் தாங்கிக்கும். அதுக்காகத் தெனம் வலிய வரவெச்சா ஒரு நாள் அது திரும்பாமலே போயிடும்மா."

"தண்ணி இல்லியா அது?"

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருக்கு. நேத்து அடைச்சதில்ல. கொஞ்சங் கொஞ்சமா, வருஷக்கணக்கா. இதே அடைப்பு ஒரே நாள்ல வந்திருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க."

எழிலரசி குறுக்கிட்டாள். "அப்ப அந்தப் பக்கம் சதையெல்லாம் செத்துடுச்சா மேடம்?"

"அதான் ஆச்சரியம். சாகல. பக்கத்துச் சின்னக் குழாயெல்லாம் சந்து பொந்து கண்டுபுடிச்சிக் கொஞ்சம் ரத்தம் அனுப்பியிருக்கு. வர்றதே கொஞ்சம், அதுல எல்லா வேலையும் செஞ்சா செத்துடும்னு அந்தச் சதை துடிக்கறதயே நிறுத்தியிருக்கு. ஸ்கேன்ல பாத்தா செத்த மாதிரிதான் இருக்கு. உசுர மட்டும் புடிச்சிகிட்டுச் சும்மா கெடக்கு. அடைப்ப எடுத்து ரத்தம் போனா, மெல்ல முழிச்சிக்கும்."

"அப்ப இப்ப மட்டும் ஏன் இவ்ளோ பெருசா வந்திச்சி?" என்றாள் எழிலரசி.

"ஒன்றர மாசம் ஒக்காந்தே இருந்திருக்காங்க. பழக்கம் விட்டுப்போச்சி. மொத நாளே முழுப் பாரம்."

டாக்டர் போனபின் எழிலரசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தாம்மா ஒன்ன ஒக்கார வெச்சேன்."

"நீ இன்னாடி பண்ணுவ."

"நான் நர்சும்மா! தெனம் போன்ல கேட்டனே, ஒடம்பு எப்பிடி இருக்குன்னு. ஒரு நாளாவுது சொன்னியா? ஊரான் நெஞ்சுக்கெல்லாம் ஒயர் மாட்டி வுடறேன். எங்கம்மா நெஞ்சு எனக்குத் தெரியல."

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? இட்டாந்து வெச்சிருப்ப."

"வெச்சிருப்பேன். அதுல இன்னா தப்பு?"

தப்பு இல்லைதான். ஆனால் மகள் வீட்டில் இருசம்மாள் கையைக் கழுவிக் கழுவி வாழ்ந்த வாழ்வை எப்படிச் சொல்வது? மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பாவமும் எங்கேயோ தூரத்தில், கடலில் தெரியும் படகு விளக்கு மாதிரி இருந்தது. கிட்டே வரவில்லை.

அடைப்பை எடுத்து ரத்தக்குழாய்க்குள் வளையம் வைத்தார்கள். சில வாரங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஓரளவு தேறியதும் வழக்கம்போல ஒற்றைக்காலில் நின்றாள்.

"என் ஊட்டுக்குப் போறேன்."

"அத்த, இங்கயே இருங்க. உங்களுக்கு இன்னா கொற வெச்சோம்?" என்றான் திருநாவுக்கரசு.

"கொறயே இல்ல மாப்ள. அதான் போறேன்."

அவனுக்குப் புரியவில்லை. எழிலரசிக்குப் பாதி புரிந்தது. பாரம் தூக்கக்கூடாது, மாத்திரை தவறக்கூடாது, தினம் காலையில் வெறுங்கையோடு மெதுவாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் மறுபடி மறுபடி சொல்லி, மாரியம்மாளிடமும் போனில் ஒப்படைத்துப் பஸ் ஏற்றிவிட்டாள்.

ஊரில் வேலை மாறியது. மாரியம்மாள் ஏலம் எடுத்துக்கொண்டு வருவாள். இருசம்மாள் குடியிருப்பு முனையில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பாள். காலையில் நடந்தாள். ஆரம்பத்தில் தெருமுனை வரைக்கும், பிறகு கொஞ்சம் தள்ளி. ஆடி பிறந்து காற்று மாறியிருந்த ஒரு நாள், பழைய மணல் வழியில் கால் தானாகத் திரும்பியது. தலையில் கூடை இல்லை. கை ரெண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

சவுக்கு மரங்கள் தொடங்கும் இடம் வந்தது. நின்றாள். இத்தனை வருஷப் பழக்கம், நிற்காமல் எப்படி? நெஞ்சைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. மூச்சு சீராகப் போய் வந்தது. தோளில் பாரம் இல்லை. சவுக்கு இலைகளில் காற்று இரைந்தது. கரையில் யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"வாயேன்" என்றாள் மெதுவாக.

வரவில்லை. இனி வராது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ திக்கென்றது. விடிந்தால் தவறாமல் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போன ஒரே துணையும் போய்விட்டது. அங்கே அவளைத் தவிர யாரும் இல்லை. வீட்டுக்குப் போனாலும் யாரும் இல்லை. நேற்றும் இல்லை, போன வருஷமும் இல்லை. இவ்வளவு நாள் யாருமே இல்லாமலா இருந்தோம் என்று நினைத்தபோது மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே எங்கேயோ ஒன்று அசைந்தது. வலி இல்லை, வலியைவிடப் பெரியது. வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்புராயன் கிடைத்த அன்றைக்கு வராதது, பொத்திய கையை மீறி இப்போது வந்தது. பட்டப்பகலில், ஏலத்துக்குப் போகிற வழியில், ஐம்பது வயது கடந்த மனுஷி, அடிபட்ட பிள்ளை மாதிரி அழுதாள்.

இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்தாள். வருகிற போனை எடுக்கத்தான் அவளுக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் கடைசியாகப் பேசியவருக்குப் போகும் என்று மாப்பிள்ளை ஒருமுறை காட்டிக் கொடுத்திருந்தான். அழுத்தினாள்.

"எம்மா? நீயா போன் பண்ற? இன்னா ஆச்சி?"

"எழிலு, வாடி."

"நெஞ்சு வலிக்குதா? கையில எறங்குதா? நாக்குக்கடியில மாத்திர வெச்சிக்கோ. மாரியக்காவக் கூப்புடு!"

"வலிக்கல. வலியே இல்லடி. நீ வா."

எழிலரசி மூச்சு விடுவது கேட்டது. "ட்யூட்டில இருக்கேன்மா. ஞாயித்துக்கெழம கொழந்தய இட்டுகினு வரேன், சரியா?"

சரி, வெச்சிடு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல. இன்னிக்கி வா. இப்பவே வா."

"எம்மா... நீ அழுவுறியா?"

இருசம்மாள் மணலைக் கை நிறைய அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா செத்துட்டாருடி, எழிலு" என்றாள்.